“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” – இரண்டாம் வகை சர்க்கரை நோயில் பேச்சும் ஏன் சிகிச்சையாகிறது

மருந்தின் அளவு, பரிசோதனையின் எல்லை எண்கள், கால் பராமரிப்பு என்று வழிகாட்டிகள் வெளியிட்டுவந்த நீரிழிவு அமைப்புகள் இப்போது சொற்களைப் பற்றியும் வழிகாட்டிகள் வெளியிடுகின்றன. 2011-ல் டயாபடீஸ் ஆஸ்திரேலியா அமைப்பு அப்படி ஓர் அறிக்கையைக் கொண்டுவந்தது. 2017-ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும் அந்நாட்டு நீரிழிவுக் கல்வியாளர்கள் சங்கமும் சேர்ந்து ஒன்றை வெளியிட்டன. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை தன் பணியாளர்களுக்கு இதே பொருளில் ஒரு கையேடு கொடுத்தது. நோயின் பெயராலேயே ஒருவரை அழைக்காதீர்கள், குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள், பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள் என்பதுதான் இவை எல்லாவற்றின் சாரம்.

படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. சர்க்கரை ஏறினால் மருந்து கொடுத்து இறக்க வேண்டும், அதில் எந்தச் சொல்லால் கூப்பிட்டால் என்ன? டாக்டர் கொஞ்சம் கடிந்து பேசினால்தானே பயம் வரும், பயம் இருந்தால்தானே ஒழுங்காக இருப்பார்கள்?

மரியாதை என்ற ஒரே காரணத்துக்காக எழுதப்பட்ட கையேடுகள் அல்ல இவை. இந்த நோயில் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலில் முக்கியமான ஒரு பங்கு ரத்தத்தில் கிடைக்காது. அதை அந்த மனிதர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் சொல்வாரா, விழுங்கிவிடுவாரா என்பது பெரும்பாலும் கேட்கும் விதத்தைப் பொறுத்தது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## இது என்ன மாதிரியான நோய்

ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலின். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடக்கின்றன. உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. ஈடுகட்ட அதிகமாகச் சுரந்து சுரந்து, கணையத்தின் பீட்டா செல்கள் மெல்ல மெல்லத் திறன் இழக்கின்றன. சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தாலோ, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையின் எண் 6.5 சதவீதத்தைத் தொட்டாலோ நோய் என்று கணக்கு. அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது இன்னொரு பரிசோதனையில் அதை உறுதி செய்துகொள்வார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை இந்த நோயின் இரண்டு குணங்கள் முக்கியம்.

1. சிகிச்சையைச் செய்கிறவர் மருத்துவர் அல்ல. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒருவர் ஆண்டுக்கு நான்கு முறை, தடவைக்குக் கால் மணி நேரம் மருத்துவரைப் பார்த்தால் அது ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் என்ன சாப்பிடுவது, எப்போது நடப்பது, மாத்திரையை எந்த வேளையில் போடுவது, கால் விரலில் பட்ட கீறலை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் அவரேதான். அறுவை சிகிச்சையில் மருத்துவரின் கை நன்றாக இருந்தால் பெரும்பாலும் போதும். இங்கே அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதில் எது அவரோடு வீட்டுக்குப் போகிறதோ அதுதான் சிகிச்சை.

2. நோய் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி 1998-ல் முக்கிய முடிவுகள் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரே ஒரு மருந்தை வைத்து ஹெச்பிஏ1சியை 7 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க முடிந்தவர்கள் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேர். ஒன்பது ஆண்டுகளில் அது கால்வாசியாகக் குறைந்தது.

இந்த இரண்டாவது குணத்தை நோய் கண்டுபிடித்த முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், பின்னாளில் இரண்டாவது மாத்திரை வரும்போது அது அதிர்ச்சியாக இருக்காது. சொல்லாமல் விட்டால், கூடுகிற ஒவ்வொரு மாத்திரையும் தன் மேல் விழுந்த குறையாகவே படும். “நான் சரியா இல்ல, அதான் டோஸ் ஏத்திட்டாங்க” என்று வீட்டில் சொல்லிக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் சரியாகத்தான் இருந்திருப்பார்கள். பீட்டா செல்கள்தான் சோர்ந்திருக்கும்.

பெயரேகூட இந்தக் குழப்பத்துக்கு உதவியிருக்கிறது. 1990-களின் பிற்பகுதி வரை இந்த வகைக்கு மருத்துவ உலகம் வைத்திருந்த பெயரின் பொருள் ‘இன்சுலினைச் சாராத நீரிழிவு’ என்பது. அப்படிப் பெயர் கேட்டுப் பழகியவரிடம் பத்தாவது வருடம் “இன்சுலின் போடலாம்” என்றால் அவர் என்ன நினைப்பார்? ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்றுதான். 1997-ல் அமெரிக்க நிபுணர் குழுவும் அதன் பின் உலக சுகாதார நிறுவனமும் அந்தப் பெயரைக் கைவிட்டு, முதல் வகை, இரண்டாம் வகை என்று மாற்றின.

## ஒரு சந்திப்பை நெருங்கிப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு காட்சி. வயது ஐம்பதைக் கடந்தவர். காலை, இரவு என்று இரண்டு வேளை மெட்பார்மின் மாத்திரை. ஹெச்பிஏ1சி 8.4 என்று வந்திருக்கிறது.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேன் டாக்டர்.”

“சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கீங்களா?”

“இருக்கேன் டாக்டர்.”

“அப்புறம் எப்படி இவ்வளவு ஏறும்? இப்படியே போனா இன்சுலின்தான் போடணும். சரி, இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதுறேன்.”

சொல்லப்படாமல் போனது ஒன்று உண்டு. இரவு மாத்திரை போட்டால் வயிறு புரட்டுகிறது, இரண்டு முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு மாதமாக அதை அவர் நிறுத்திவிட்டார். இதிலிருந்து என்னவெல்லாம் நடக்கக் கூடும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. மருத்துவர் கையில் இரண்டு தகவல்கள்: எண் 8.4, மாத்திரை இரண்டு வேளையும் போகிறது. இந்த இரண்டிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான். இந்த மருந்து போதவில்லை. மருத்துவ ரீதியாக அது சரியான முடிவு.

2. கிளிமெபிரைடு போன்ற ஒரு மருந்தைச் சேர்க்கிறார். இந்த வகை மருந்துகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தூண்டும்.

3. இன்சுலின் பயத்தில், புது மாத்திரையை அவர் ஒரு நாளும் விடாமல் போடுகிறார். ஒரு நாள் சாப்பாடு தள்ளிப் போகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வேர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது.

4. சர்க்கரை இறங்கினால் இப்படி வரும் என்று யாரும் சொல்லாததால், உடம்பில் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார். அது மறுபடி வராமலிருக்க இடையிடையே எதையாவது சாப்பிட ஆரம்பிக்கிறார். எடை ஏறுகிறது.

5. அடுத்த சந்திப்பில் எண் பெரிதாக இறங்கவில்லை, எடை கூடியிருக்கிறது. “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று மருத்துவர் சலித்துக்கொள்கிறார்.

6. இன்சுலின் எழுதப்படுகிறது. அவர் காதில் அது தண்டனையாக விழுகிறது. அதற்கடுத்த சந்திப்புக்கு அவர் வருவதில்லை.

இந்த ஆறு படியிலும் மருந்தியல் பிழை எதுவும் கிடையாது. அவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. எதிரில் இருப்பவரின் முகம் சுருங்குவதைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான். மெட்பார்மினின் வயிற்றுத் தொல்லை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லலாம், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். தீர்வு அந்த அறையிலேயே இருந்தது. கேள்விதான் அதன் பக்கம் போகவில்லை.

கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘ஒழுங்கா’ என்ற சொல் வந்ததுமே பதில் முடிவாகிவிடுகிறது. இல்லை என்றால் ஒழுங்கில்லாதவர் என்று ஆகும். இதே கேள்வியை இப்படிக் கேட்டால்?

“நிறைய பேருக்கு இந்த மாத்திரையை ரெண்டு வேளையும் விடாம போடுறது கஷ்டமா இருக்கு. போன வாரம் உங்களுக்கு எத்தனை வேளை விட்டுப்போச்சு?”

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. விடுவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று முதலிலேயே சொல்லியாயிற்று. ‘போன வாரம்’ என்று நினைவில் நிற்கும் ஒரு சின்ன காலத்தைக் கேட்டாயிற்று. ஆமாம், இல்லை என்று தப்பிக்க முடியாமல் எண்ணிக்கை கேட்டாயிற்று. “ராத்திரி மாத்திரை போடுறதே இல்ல டாக்டர், வயிறு ஒத்துக்கல” என்பது இங்கே தானாக வெளியே வரும். கூடுதலாக ஆகும் நேரம் ஐந்து விநாடி.

மாத்திரை விட்டிருக்கக் கூடும் என்று மருத்துவர் எண்ணிக் கேட்பது அவமதிப்பு இல்லையா என்றால், இல்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் விட்டிருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

## தமிழில் சில சொற்கள்

சொற்களைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பாதி பொருந்தாது. நம் மொழியில் எந்தச் சொல் எங்கே குத்துகிறது என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

கட்டுப்பாடு. மருத்துவர் “சுகர் கட்டுப்பாட்டுல இல்ல” என்று சொல்லும்போது அவர் பேசுவது ஓர் எண்ணைப் பற்றி. ஆனால் தமிழில் கட்டுப்பாடு என்பது நடத்தையைப் பற்றிய சொல்லும்கூட. வாய்க்கட்டுப்பாடு, மனக்கட்டுப்பாடு, கட்டுப்பாடான பிள்ளை என்றெல்லாம் பேசித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். அதனால் கேட்பவர் மனதில் ‘சர்க்கரை’ என்ற எழுவாய் நழுவி, ‘நான் கட்டுப்பாடு இல்லாதவன்’ என்று வாக்கியம் மாறிவிடுகிறது. இந்த ஒரு சொல் செய்யும் சேதம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் என்பது என் எண்ணம். “சர்க்கரை 8.4 இருக்கு, 7 பக்கத்துல கொண்டுவரப் பார்க்கலாம்” என்றால் சொல்ல வந்தது முழுதாகப் போய்ச் சேருகிறது, குற்றச்சாட்டு போவதில்லை.

லேசான சர்க்கரை. ‘லேசா இருக்கு’, ‘பார்டர்ல இருக்கு’ என்பவை ஆறுதலுக்காகச் சொல்லப்படுபவை. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நோய்க்கு முந்தைய நிலை. அங்கே ‘பார்டர்’ என்று சொல்வதில் ஓரளவு பொருள் உண்டு. 6.8 என்று உறுதியான ஒருவருக்கும் அதையே சொன்னால் அவர் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுவார். கண்ணின் பின்புறத் திரையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் மாற்றங்கள் வலி இல்லாமல் நடப்பவை. லேசானது என்று கேட்டவர் அந்தப் பரிசோதனைகளுக்குப் போகவே மாட்டார். ஆறுதல் சொல்லும் சொல்லும் தவறாகப் போகலாம் என்பதற்கு இது உதாரணம்.

இன்சுலின்தான் போடணும். இந்தத் ‘தான்’ ஒரு மிரட்டல். வருடக்கணக்கில் இப்படிச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே இன்சுலின் தேவைப்படும் நாளில் “இது நல்ல மருந்து, பயப்படாதீங்க” என்றால் யார் நம்புவார்? இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம், கண் போய்விடும் என்ற பயங்கள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. பலரும் இன்சுலினை மிகத் தாமதமாகத் தொடங்குவதால், ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பாதிப்புகள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. பழி இன்சுலின் மேல் விழுகிறது. தாமதத்துக்கு மிரட்டலும் ஒரு காரணம். மிரட்டலிலிருந்து தாமதம், தாமதத்திலிருந்து பாதிப்பு, அந்தப் பாதிப்பைப் பார்த்து மறுபடி பயம்.

சர்க்கரை நோயாளி. இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ‘சர்க்கரை நோய் உள்ளவர்’ என்பது நல்ல சொல்தான், எழுத்தில் அதைப் பழகலாம். ஆனால் பேச்சில் “எனக்கு சுகர் இருக்கு” என்றுதான் மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அது ஏற்கெனவே நோயைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் வைத்துத்தான் பேசுகிறது. ‘நோயாளி’ என்ற சொல்லை ஒழிப்பதில் காட்டும் ஆர்வத்தை ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லின் மேல் காட்டினால் பலன் அதிகம்.

## எண் எதைச் சொல்கிறது

பேச்சு முறிகிற இன்னொரு இடம் பரிசோதனைச் சீட்டு. ஹெச்பிஏ1சி 7 என்றால் ரத்தத்தில் 7 சதவீதம் சர்க்கரை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அப்படி இல்லை. ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. நூற்றில் எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி அதில் தெரிகிறது. 7 சதவீதம் என்பது சராசரியாக 154 மில்லிகிராமுக்குச் சமம்; 8 சதவீதம் 183-க்கு. ரத்தசோகை போன்ற சில நிலைகளில் இந்த எண் உண்மையை விட்டு விலகும்.

இது புரியாததால் நடக்கும் ஒரு சங்கடத்தைப் பாருங்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் மிகக் கவனமாகச் சாப்பிட்டு, நடந்து, மாத்திரை போட்டு ஒருவர் வருகிறார். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. ஹெச்பிஏ1சி 8.9. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொய் பிடிபட்டதைப் போல ஒரு பார்வை பார்க்கிறார்கள். ஆனால் அந்த 118-ல் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: ஒரு வாரம் முயன்றால் இந்த உடல் இந்த அளவுக்கு இறங்குகிறது. “அந்த ஒரு வாரம் என்ன செஞ்சீங்க? அதுல எதை வாரா வாரம் செய்ய முடியும்?” என்று கேட்டால் உருப்படியான பேச்சு அங்கே தொடங்கும். (சாப்பிட்ட பிறகு மட்டும் சர்க்கரை மிகவும் ஏறுபவர்களுக்கும் இந்த மாதிரி இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் வரலாம். பொய் என்று முடிவுகட்டும் முன் அதையும் பார்க்க வேண்டும்.)

இலக்கும் எல்லாருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே என்று சொல்வார்கள். வயது முதிர்ந்து, வேறு நோய்களும் இருந்து, சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து உள்ளவருக்கு 8 வரை விட்டுவிடுவதே பாதுகாப்பு. அம்மாவுக்கு 7.8 பரவாயில்லை என்ற மருத்துவர் மகனுக்கு 7.2 போதாது என்றால், இருவரும் வீட்டில் உட்கார்ந்து குழம்புவார்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும்.

## நேரம் இல்லை என்பது

மருத்துவர்களின் பதில் எப்போதும் இதுதான், அதில் உண்மை இருக்கிறது. 67 நாடுகளின் தரவுகளை வைத்து 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் முதல்நிலை மருத்துவரைச் சந்திக்கும் நேரம் சராசரியாக 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். அதனால் ‘நிறைய நேரம் பேசுங்கள்’ என்ற அறிவுரை வீண். இருக்கும் நேரத்தில் எதைச் செய்வது என்பதற்கு மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கின்றன.

1. பேச விட்டால் நீளாது. 1984-ல் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட 74 சந்திப்புகளில், நோயர் பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். குறுக்கிடாவிட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? சுவிட்சர்லாந்தில் 2002-ல் வெளியான ஆய்வில் அதையே அளந்தார்கள். சராசரி 92 விநாடி. முக்கால்வாசிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள்.

2. சொன்னதில் பெரும்பகுதி மறந்துபோகிறது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனடியாக மறக்கப்படுகிறது என்று 2003-ல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு கூறியது. நினைவில் நிற்பதிலும் கணிசமான பகுதி தவறாக நிற்கிறது. பத்து அறிவுரை சொல்வதைவிட இரண்டு சொல்லி, அந்த இரண்டும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மேல்.

3. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இதே 2003-ல், சர்க்கரை நோய் உள்ள, மருத்துவத் தகவல்களைப் படித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் உள்ள 74 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்துக்குத்தான் ‘புரிந்ததா, நினைவிருக்கிறதா’ என்று சோதித்துப் பார்த்தார்கள். அப்படிச் சோதித்த மருத்துவர்களிடம் வந்தவர்களின் ஹெச்பிஏ1சி மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் செலவே இல்லாத ஒரு பழக்கத்துக்கு இந்த அளவு ஆதாரம் போதும் என்றே தோன்றுகிறது.

சோதிப்பது என்றால் “புரிஞ்சுதா?” என்று கேட்பதல்ல. அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். “நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்வீங்க?” என்று கேட்பது. தவறு வந்தால் அது சொன்னவருடையது என்று கேள்வியே ஏற்றுக்கொள்கிறது.

நேரமின்மைக்கு உண்மையான பதில் மருத்துவரிடம் மட்டும் இல்லை. செவிலியர், உணவு ஆலோசகர், மருந்தாளர் என்று பேசக் கூடியவர்கள் இன்னும் பலர். ஆனால் ஒருவர் 7 என்றும் இன்னொருவர் 6.5 என்றும், ஒருவர் காலை நடக்கவும் மற்றவர் சாப்பிட்டபின் நடக்கவும் சொன்னால், கேட்பவர் யாரையும் நம்பமாட்டார்.

## கேட்கப்படாத கேள்வி

2013-ல் முடிவுகள் வெளிவந்த டான் 2 என்ற ஆய்வு 17 நாடுகளில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், அவர்கள் குடும்பத்தினர், மருத்துவப் பணியாளர்கள் என்று 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டது. ‘இந்த நோய் உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டார்களா?’ என்பதற்கு, கேட்டார்கள் என்றவர்கள் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 24 சதவீதம். மருத்துவப் பணியாளர்களிலோ ஏறக்குறைய பாதிப் பேர், தாங்கள் கேட்பதாகச் சொன்னார்கள். இரு தரப்பும் உண்மை பேசியிருக்கலாம். “எப்படி இருக்கீங்க?” என்பதைக் கேட்டவர் விசாரிப்பாக நினைக்கிறார், கேட்கப்பட்டவர் வணக்கமாக எடுத்துக்கொள்கிறார்.

இந்த நோயோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவதால் வரும் சோர்வுக்குத் தனிப் பெயரே உண்டு: நீரிழிவு மன உளைச்சல். இது மன அழுத்த நோய் அல்ல. எவ்வளவு செய்தாலும் எண் இறங்கவில்லை என்ற ஆயாசம், ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதன் எரிச்சல், கண்ணுக்கும் காலுக்கும் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லாம் கலந்தது. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டாம் வகை உள்ளவர்களில் சுமார் 36 சதவீதத்தினரிடம் இது காணப்பட்டது. மாத்திரையை விடுபவர்களில் இவர்கள் கணிசம். இவர்களிடம் போய் “ஒழுங்கா இருங்க” என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

26 நாடுகளில் நடந்த இன்ட்ரோடியா என்ற ஆய்வு, நோய் கண்டறிந்த நாளில் நடந்த பேச்சு பற்றிக் கேட்டது. ‘இதைச் சமாளிக்கலாம், இன்ன இன்ன வழி இருக்கிறது’ என்று பேசக் கேட்டதாக நினைவுகூர்ந்தவர்களிடம் பின்னாளில் உளைச்சல் குறைவாகவும் சுயபராமரிப்பு மேலாகவும் இருந்தது. இது நினைவை நம்பி எடுக்கப்பட்ட கணக்கு, மருந்து நிறுவனங்களின் ஆதரவோடு நடந்தது. இரண்டையும் மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் அந்த முதல் நாள் பேச்சை மக்கள் பல ஆண்டுகள் சுமக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

## ‘குணமாகிவிடும்’ என்ற செய்தி

அண்மைக் காலத்தில் அதிகம் குழப்பும் சொல் இது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத 306 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவீதம்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் தணிவு, குணம் அல்ல. 2021-ல் பல அமைப்புகள் சேர்ந்து வகுத்த வரையறைப்படி, சர்க்கரைக்கான மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பின்னும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது தணிவு. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பலாம் என்பதால் கண், சிறுநீரகம், கால் பரிசோதனைகள் தொடர வேண்டும். ‘குணமாகிவிட்டது’ என்று கேட்டவர் அவற்றை நிறுத்திவிடுவார். மறுபக்கம், ‘இது வாழ்நாள் முழுக்க’ என்று மட்டும் சொல்லி இந்த வாய்ப்பையே சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. புதிதாக நோய் வந்தவரிடம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

## நோய் உள்ளவர் தன் பக்கத்திலிருந்து செய்யக் கூடியது

பொறுப்பின் பெரும் பங்கு மருத்துவப் பணியாளர்களுடையது. அந்த அறையில் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

போன முறைக்குப் பிறகு விட்ட மாத்திரைகள், கேட்க நினைக்கும் இரண்டு கேள்விகள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, உட்கார்ந்தவுடன் நீட்டலாம். வாயால் சொல்லக் கூச்சமானவற்றைத் தாள் சொல்லிவிடும். தாம்பத்தியத்தில் வரும் சிக்கல் அப்படி ஒன்று. ஆண்களுக்கு விறைப்புக் குறைவது இந்த நோயில் அடிக்கடி வருவது, மருத்துவர் கேட்பதோ அரிது. கிளம்பும் முன் “நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியா பாருங்க டாக்டர்” என்று நீங்களே சொல்லிக் காட்டலாம்.

சில விஷயங்களுக்கு அடுத்த சந்திப்புவரை பொறுக்கக் கூடாது. உடனே தெரிவிக்க வேண்டியவை:

1. வேர்வை, நடுக்கம், தலைசுற்றலோடு சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியது. அந்த நேரத்தில் முதலில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் கொடுக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். ஒரு முறை இறங்கி, சரியாகிவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

2. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல். மெட்பார்மின் உட்பட சில மாத்திரைகளை அந்த நாட்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்; இன்சுலினைத் தானாக நிறுத்தவே கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

3. காலில் புண், நிறமாற்றம், வீக்கம். வலிக்கவில்லை என்பதால் சிறியது என்று பொருளல்ல. நரம்பு பாதித்த காலில் பெரிய புண்ணும் வலிக்காது.

4. பார்வையில் திடீர் மங்கல், மிதக்கும் கரும்புள்ளிகள்.

5. கருத்தரிக்கும் எண்ணம். கருவுற்ற பிறகு அல்ல, திட்டமிடும்போதே. சர்க்கரை அளவை முன்கூட்டியே இறக்க வேண்டும்; ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் போடும் சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.